ஆடு வந்தாள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தாராபுரம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் பிடிக்காத நேரத்தில் கதை எழுதுவேன். போன மாதம் ஒரு சிறுகதையைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். என் அம்மாவையும் அவர் வளர்த்த லட்சுமி என்ற வெள்ளாட்டையும் பற்றிய கதை. பத்து நாளில் திரும்பி வந்தது. "கதை பரவாயில்லை. இலக்கணப் பிழைகள் மலிந்திருக்கின்றன. திருத்தி அனுப்பவும்" என்று குறிப்பு. எண்ணிப் பார்த்தேன், 61 இடத்தில் சிவப்பு மை.

பெரும்பாலானவை க், ச், த், ப் விட்டுப்போன இடங்கள். அது என் தப்புதான். ஆனால் சில திருத்தங்கள் மனதுக்கு ஒப்பவில்லை. "அம்மா சந்தைக்குப் போயிருச்சு" என்று கதையில் பையன் சொல்கிறான். அதை "அம்மா சந்தைக்குப் போய்விட்டார்" என்று மாற்றியிருக்கிறார்கள். அந்திக்குப் பட்டி திரும்பும் இடத்தில் "லட்சுமி முதலில் வந்தாள்" என்று எழுதியிருந்தேன். அது "ஆடு முதலில் வந்தது" ஆகிவிட்டது. "ஒரு ஆடு" என்று வரும் இடமெல்லாம் "ஓர் ஆடு".

வாட்ஸப் குழுவில் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "இலக்கணம் இல்லாமல் மொழி இல்லை, தமிழைக் கொல்லாதீர்கள்" என்றார் ஒருவர். "இலக்கணமாவது ஒன்றாவது, புரிந்தால் போதாதா" என்றார் இன்னொருவர். முதலாமவர் விடவில்லை. "வீட்டைவிட்டே கிளம்பாதவன் போனில் 'இதோ வந்துட்டேன்' என்கிறானே, அது காலப்பிழை. பேச்சுத் தமிழுக்கு இலக்கணமே கிடையாது என்பதற்கு அந்த ஒன்று போதும்" என்று போட்டார் ஒரு போடு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் அம்மா பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர். அப்படியானால் அவர் பேசியதெல்லாம் பிழையா? இலக்கணம் என்றால் உண்மையில் என்ன, மொழிக்கு அது எதற்கு? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

உங்கள் வாட்ஸப் நண்பருக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். "இதோ வந்துட்டேன்" காலப்பிழை இல்லை. அதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு நூற்பாவே இருக்கிறது. சொல்லதிகாரம், வினையியல்:

வாராக் காலத்தும் நிகழும் காலத்தும்
ஓராங்கு வரூஉம் வினைச்சொற் கிளவி
இறந்த காலத்துக் குறிப்பொடு கிளத்தல்
விரைந்த பொருள என்மனார் புலவர்

இனிமேல் நடக்கப்போவதையும் இப்போது நடந்துகொண்டிருப்பதையும் நடந்து முடிந்ததுபோலச் சொல்வது உண்டு, விரைவைக் காட்ட அப்படிச் சொல்கிறார்கள் என்று பொருள். உரைகாரர்கள் இதற்கு ஒரு காட்சியும் காட்டுகிறார்கள். ஒருவன் இன்னும் சாப்பிடவில்லை. அவனோடு வெளியே போகவேண்டியவன் காத்திருக்கிறான். "இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்கிறான். சோற்றில் கையே வைக்காதவன் "உண்டேன், போந்தேன்" என்கிறான். சாப்பிட்டாச்சு, வந்தாச்சு! உங்கள் நண்பருக்குப் போனில் கிடைத்த பதிலும் இதேதானே.

இந்த நூற்பாவை நான் முதலில் படித்தபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பள்ளியில் இலக்கணம் என்றாலே இரண்டு மதிப்பெண் கேள்வி என்றுதான் தெரியும். இதைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன், நூலகத்தில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லும் ஆளை இவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்களே என்ற சந்தோஷம். கவனித்ததோடு "இப்படிச் சொல்லக் கூடாது" என்று குச்சியை எடுக்கவும் இல்லை. ஏன் இப்படிச் சொல்கிறான் என்று தொல்காப்பியர் யோசித்திருக்கிறார். அவசரம் என்று கண்டுபிடித்திருக்கிறார். "என்மனார் புலவர்", எனக்கு முன்னால் இருந்தவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இலக்கணம் என்றால் என்ன என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் கிட்டத்தட்ட இவ்வளவுதான். இனிமேல் எழுதுவதை விளக்கவுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்க்கலாம். லட்சணம் என்ற வடசொல்தான் தமிழில் இலக்கணம் ஆயிற்று என்பார்கள். இல்லை, இலக்கு என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து வந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எந்த வழியில் வந்திருந்தாலும் அடையாளம், குறி, தன்மை என்றுதான் பொருள். "நட்புக்கு இலக்கணம்" என்று சொல்லும்போது நாம் சட்டப்புத்தகத்தை நினைப்பதில்லை. நட்பை நட்பு என்று காட்டிக்கொடுக்கும் குணத்தை நினைக்கிறோம். கண்ணபுரம் மாட்டுச் சந்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காங்கேயம் மாட்டுக்குச் சுழி பார்க்கிற பெரியவர் திமிலைத் தடவுவார், கொம்பைப் பார்ப்பார், வாலைத் தூக்குவார், அடையாளம் சொல்வார். எந்த மாடும் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சுழியோடு பிறக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மாட்டைப் பார்த்துப் பழகிய கண் அது. அவர் பேச்சை அலட்சியம் பண்ணிவிட்டு மாடு பிடித்துக்கொண்டு போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மற்ற மொழிக்காரர்கள் வேறு பக்கத்திலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள். வியாகரணம் என்றால் பிரித்துப் பார்ப்பது. கிராமர் என்பது எழுத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கிராமர் ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில் திரிந்துதான் கிளாமர் பிறந்தது. எழுத்துப் படித்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்று ஜனங்கள் நம்பிய காலம் அது, மந்திரம் கண்ணைக் கட்டும், கண்ணைக் கட்டுவது கவர்ச்சி, அப்படியே சினிமா போஸ்டர் வரைக்கும் வந்துவிட்டது. நம் ஊர் இலக்கண வகுப்பில் உட்கார்ந்திருந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில், சமஸ்கிருதத்துக்கு இலக்கணம் எழுதிய பாணினியின் சூத்திரங்களுக்குப் பேருரை எழுதிய பதஞ்சலி ஆரம்பத்திலேயே ஒரு விஷயம் சொல்கிறார். பானை வேண்டும் என்றால் குயவர் வீட்டுக்குப் போய் ஒரு பானை செய்து கொடு என்று கேட்போம். சொல் வேண்டும் என்று யாராவது இலக்கணக்காரர் வீட்டுக்குப் போய், சொற்கள் செய்து கொடுங்கள், பேசவேண்டும் என்று கேட்பதுண்டா? சொல் ஏற்கெனவே ஊருக்குள் புழங்கிக்கொண்டிருக்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனாரும் நூலுக்கு மூலம் "வழக்கும் செய்யுளும்" என்கிறார். வழக்கு முதலில் வருகிறது பாருங்கள். எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பதுபோல இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுக்கப்படுகிறது என்று ஒரு பழைய நூற்பா மேடைதோறும் ஒலிக்கும். அந்த எள் உங்கள் அம்மா பேச்சிலும்தான் விளைகிறது.

பள்ளிக்கூடம் போகாத உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு இலக்கணம் தெரிந்திருக்கும் என்று ஒரு சின்னச் சோதனை செய்யலாம். டீ என்ற சொல் தமிழுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், அவர் 13ஆம் நூற்றாண்டுக்காரர், டீயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் நம் ஊரில் எந்தப் பாட்டியும் "டீக்கடை" என்று க-வை அழுத்தித்தான் சொல்கிறார். அதே பாட்டி "டீ குடிச்சியா" என்னும்போது அழுத்துவதில்லை. "காபிப்பொடி" என்கிறார், ஆனால் "காபி போடு" என்கிறார். "ஆட்டுப்பால்" என்கிறார், "ஆடு கத்துது" என்கிறார். டீயை விற்கும் கடை என்பதில் "ஐ"யும் "விற்கும்"-உம் மறைந்து நிற்கின்றன. இதற்குப் பள்ளிப் பாடத்தில் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பெயர், அங்கே வல்லினம் மிகும். டீயைக் குடித்தாயா என்பதில் மறைந்திருப்பது உருபு மட்டும், அங்கே மிகாது. இந்த நீளமான பெயரை ஒரு மூச்சில் சொல்ல எனக்கே திணறும். பாட்டிக்குப் பெயர் தெரியாது, காரியம் தெரியும். நேற்று வந்து இறங்கிய வெளிநாட்டுச் சொல்லைக்கூட வாய் தானாகவே பழைய வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. இதுதான் உயிரோடு இருக்கிற இலக்கணம். புத்தகத்தில் இருப்பது அதன் குறிப்பேடு.

இன்னும் கொஞ்சம் பாருங்கள். "நான் ஓடுறேன்" என்பவர் "நான் பசிக்கிறேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை, "எனக்குப் பசிக்குது" என்றுதான் சொல்வார். பசியை நாம் செய்வதில்லை, அது நமக்கு வருகிறது. வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடும்போது "நம்ம வீட்டுக்கு வாங்க". வரப்புத் தகராறில் அதே ஆளிடம் "இது எங்க காடு". கேட்கிறவரைச் சேர்த்துக்கொள்ள நம்ம, தள்ளி நிறுத்த எங்க. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். அப்புறம் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் உங்கள் அம்மா என்ன சொல்லியிருப்பார்? "சாப்பிடாம இருப்பனா?" கேள்விக்குக் கேள்வி. "வினாவும் செப்பே வினாஎதிர் வரினே" என்கிறது தொல்காப்பியம். வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடைதான்.

"புரிந்தால் போதாதா" என்றவருக்கும் இங்கேயே பதில் வந்துவிட்டது. எதை வைத்துப் புரிந்துகொள்கிறாராம்? "பாம்பு தின்ன கோழி", "பாம்பைத் தின்ன கோழி". முதலாவதில் கோழி காலி, இரண்டாவதில் பாம்பு காலி. ஒரு "ஐ"தான் வித்தியாசம், அதற்குள் ஓர் உயிர் இருக்கிறது. "புலி கொல் யானை" என்றால் செத்தது எது என்று உரையாசிரியர்களே இந்த விவகாரத்தைப் பேசியிருக்கிறார்கள், பின்னால் வரும் சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறார்கள். சரி, அவரை விடுவோம்.

எனக்கு மிகப் பிடித்த நூற்பா வேறு ஒன்று. உங்கள் கதைக்கும் அது வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். தொல்காப்பியம், கிளவியாக்கம்:

ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்
ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும்
வழக்கி னாகிய உயர்சொற் கிளவி
இலக்கண மருங்கின் சொல்லா றல்ல

ஒரே ஆளைப் பன்மையில் சொல்வது, ஒரே பொருளைப் பன்மையில் சொல்வது, இதெல்லாம் மரியாதைக்காக வழக்கத்தில் வந்தவை, இலக்கண முறைப்படி வந்தவை இல்லை என்கிறார். அதாவது "வந்தார்" என்பது பலர் வந்ததைச் சொல்லும் வடிவம். ஒருவர் வந்ததற்கு "வந்தார்" என்றால் கணக்குப்படி தப்பு. அவர் அதை மறைக்கவில்லை, அழிக்கவும் இல்லை. இது கணக்குக்கு ஒத்துவராது, ஆனாலும் ஜனங்கள் மரியாதைக்காக இப்படிப் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் குறித்து வைத்துவிட்டார். இப்படிக் காரணத்தோடு ஏற்றுக்கொள்ளப்படும் வழுவைப் பிற்பாடு வழுவமைதி என்று பெயரிட்டு அழைத்தார்கள்.

இன்றைக்கு என்ன நிலைமை? "ஆசிரியர் வந்தான்" என்று எழுதினால்தான் பிழை. இலக்கண முறை இல்லை என்று ஓரமாக நிறுத்தப்பட்ட வழக்கு நடுவீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்ததும் அக்கம்பக்கம் எல்லாம் நகர வேண்டியதாயிற்று. "அவர்" ஒருவருக்குப் போய்விட்டதால் பலருக்கு வேறு சொல் தேவைப்பட்டது. "கள்" விகுதி கைகொடுத்தது. தொல்காப்பியர் இந்தக் "கள்"ளை அஃறிணைப் பெயர்களுக்குத்தான் சொல்கிறார். மாடுகள், மரங்கள் போல. வள்ளுவர் காலத்திலேயே அது மனிதர்மேல் ஏறிவிட்டது. "மற்றையவர்கள்" என்று ஒரு குறளில் வருகிறது, "பூரியர்கள்" என்று இன்னொன்றில். பிறகு அந்த "அவர்கள்"ளையும் மரியாதை விடவில்லை. தலைவர் அவர்கள், ஆட்சியர் அவர்கள். பேச்சில் "அவங்க வந்தாங்க" என்றால் வந்தது ஒருவரா பலரா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "நீ"க்கு மேலே "நீர்", அது தேய்ந்து அதற்கு மேலே "நீங்கள்". திருநெல்வேலிக்காரர்கள் மட்டும் நடுவில் இருந்த "நீர்"-ஐக் கைவிடாமல் "வாரும், இரும்" என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் கொங்குப் பக்கம் இன்னும் ஒரு படி. "எத்தனைங்க?" "நாலுங்க." அந்த "ங்க" நாலு என்ற எண்ணுக்குச் செய்யும் மரியாதை இல்லை, எதிரில் நிற்கிறவருக்கு. பேசப்படும் பொருளை விட்டுவிட்டு, கேட்கிற ஆளைப் பார்த்துக் கும்பிடும் ஓர் ஒட்டு. "நான் வந்தனுங்க" என்றால் யாரும் தன்னைத்தானே மதித்துக்கொள்வதாக நினைப்பதில்லை. எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டக் கூடாது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கே தெரியும். பாடப்புத்தகத்தில் நான் பார்த்தவரை இதற்கு இடமில்லை.

பதஞ்சலியின் பேருரையில் ஒரு கதை இருக்கிறது. ஓர் இலக்கணக்காரர் ஒரு தேரைப் பார்த்து, "இந்தத் தேரின் பிரவேதா யார்?" என்று கேட்கிறார். தேரை ஓட்டுகிறவன் என்று பொருள். சாரதி பணிவாக, "நான்தான் இதன் பிராஜிதா" என்கிறான். இலக்கணக்காரர் உடனே, "பிராஜிதாவா? அது பிழையான சொல்" என்கிறார். சாரதி சொல்கிறான்: "ஐயாவுக்கு விதி எங்கே போய்ச் சேரும் என்று தெரிகிறது, வழக்கில் எது வேண்டப்படுகிறது என்று தெரியவில்லை. இந்த வடிவம்தான் புழக்கத்தில் இருக்கிறது." இலக்கணக்காரருக்குக் கோபம் வந்து அவனைத் திட்டுகிறார். திட்டும்போது சூதன் என்ற சொல்லைத் தப்பான வேரிலிருந்து பிரித்துவிடுகிறார். சாரதி அதையும் திருத்தி, "என்னைத் திட்டுவதென்றால் இப்படித் திட்டவேண்டும்" என்று சரியான வடிவத்தைச் சொல்லிக்கொடுக்கிறான். இந்தக் கதையைச் சொல்கிறவர் தேரோட்டி இல்லை, இலக்கணத்தின் உச்சியில் இருந்த ஆள். தங்கள் கூட்டத்தையே பார்த்துச் சிரிக்கும் தைரியம் அவருக்கு இருந்திருக்கிறது. உங்கள் குழுவில் "தமிழைக் கொல்லாதீர்கள்" என்றவருக்கு இதை அனுப்பி வைக்கலாம். வேண்டாம், அப்புறம் அது வேறு சண்டையாகும்.

இவ்வளவு சொன்னதால் நான் உங்கள் 61 சிவப்பையும் தள்ளுபடி செய்துவிடுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒற்று விஷயத்தில் நான் அந்தத் திருத்தியவர் பக்கம்.

பேசும்போது நம்மிடம் குரல் இருக்கிறது. எங்கே நிறுத்துகிறோம், எங்கே அழுத்துகிறோம் என்பது காதில் விழுகிறது. முகம் இருக்கிறது, கை இருக்கிறது. எழுதும்போது இவ்வளவும் போய்விடுகிறது. போனதில் ஒரு பகுதியை அந்தச் சின்னப் புள்ளி வைத்த எழுத்து மீட்டுக்கொடுக்கிறது. சில வருடம் முன்னால் எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது: "நாளை குறித்துவிட்டுச் சொல்லுங்கள்." பெண்ணின் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. நாளைக்கே எப்படிங்க ஜோசியரைப் பிடிக்கிறது, அவர் பழனிக்குப் போயிருக்காரே என்று என்னைக் கூப்பிட்டார். நான் படித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் சொல்ல வந்தது "நாளைக் குறித்துவிட்டு", முகூர்த்த நாளை, மெதுவாகப் பண்ணலாம் என்றேன். ஒரு "க்". அன்று ராத்திரி ஒரு குடும்பம் தூங்கியது. வேலை கொடு, வேலைக் கொடு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது எனக்கு ஏறவே இல்லை, முருகனைத் தவிர யாரும் யாரிடமும் வேலைக் கேட்டு நான் பார்த்ததில்லை. இது ஏறிவிட்டது.

இளவயதில் நான் ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தேன். ஈய எழுத்துக் காலம். அங்கே ஒரு மூத்த கம்பாசிட்டர் இருந்தார். கேலி புரூப்பில் நான் "க்" சேர்த்துக் கொடுத்தால் திருத்தமாட்டார். "தம்பி, அதைச் சேர்த்தா ஒரு எழுத்து அடுத்த வரிக்குப் போகும், அது பின்னாடி பத்து வரியைத் தள்ளும், நீயே வந்து கோர்த்துக் குடு" என்பார். வரி நிறையாமல் நின்றால் அவரே எங்கிருந்தாவது ஒரு "ப்" எடுத்துச் சொருகிவிடுவார். அந்த அச்சகத்தில் வந்த இரண்டு மூன்று புத்தகத்தில் உள்ள ஒற்றுகளை வைத்து யாராவது ஆராய்ச்சி செய்தால் என்ன ஆகுமோ! ஆனால் அவரிடம்தான் நான் ஒற்றுக் கற்றுக்கொண்டேன். திருத்தாவிட்டாலும் சந்தேகம் கேட்டால் சொல்வார். விதி சொல்லமாட்டார். "வாய்விட்டுப் படி, எங்க இடறுதுன்னு பார்" என்பார்.

அதையே உங்களுக்கும் சொல்கிறேன். "வீட்டு கதவு", "ஆட்டு பால்" என்று கை எழுதிவிடும், வாய் அப்படிச் சொல்லாது. சத்தமாகப் படித்தால் உங்கள் 61-இல் பாதி தானாகத் தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு விதியைப் படிக்கத்தான் வேண்டும், "வந்து சேர்ந்தான்" என்பதில் மிகாது, "கேட்டுச் சொன்னான்" என்பதில் மிகும் என்பதை வாய் அவ்வளவு தெளிவாகக் காட்டிக்கொடுக்காது. ஒரு மாதம் உட்கார்ந்தால் வந்துவிடும். நூற்பாலையில் அறுந்த இழையைக் கை பார்க்காமலே முடிச்சுப் போடுகிற ஆட்களோடு வேலை செய்கிறவர் நீங்கள், இது பெரிய காரியம் இல்லை.

"ஓர் ஆடு" விவகாரம். உயிரெழுத்துக்கு முன்னால் ஓர் என்பது செய்யுளிலும் பழைய உரைநடையிலும் நன்றாக நிற்கும் விதி. கதைசொல்லி பேசும் இடத்தில் உங்களுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதும்போது சில இடத்தில் ஓர் வரும், சில இடத்தில் ஒரு வரும், காது சொல்கிறபடி. இந்தக் கடிதத்திலேயே தேடினால் இரண்டும் கிடைக்கும். ஆனால் பாத்திரம் பேசும்போது கை வைக்கக் கூடாது. சந்தையில் நின்றுகொண்டு "ஓர் ஆடு என்ன விலைங்க?" என்று கேட்கிற ஆளிடம் வியாபாரி இருநூறு ரூபாய் கூடச் சொல்வான்.

கடைசியாக அந்த இரண்டு இடம். நன்னூலில் ஒரு நூற்பா:

உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும்
இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே

மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு, இவற்றால் திணையும் பாலும் மாறி வந்தால் அது இயல்புதான் என்கிறார். பெண் குழந்தையை "வாடா ராஜா" என்கிறோம். கோபம் வந்தால் ஒரு மனிதனை "அது வந்துச்சா?" என்கிறோம். "அம்மா போயிருச்சு" என்பதும் ஒரு காலத்தில் உவப்பில் பிறந்ததாகத்தான் இருக்கும். இன்று நம் பக்கம் அது வெறும் பழக்கமாகவே ஆகிவிட்டது, ஆனால் அந்தப் பழக்கத்துக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அம்மா, அக்கா, அத்தை இவர்களுக்கு "போயிருச்சு" வரும். அப்பாவுக்கு வருவது குறைவு. உங்கள் மில் மேனேஜருக்கு வரவே வராது, அவர் "போயிட்டாருங்க"தான். யார் மடியில் தலை வைத்துப் படுக்கலாமோ அவர்களுக்குத்தான் "சு". திருத்தியவர் அங்கே "போய்விட்டார்" என்று போட்டதும் அந்தப் பையன் அம்மாவை விட்டு எழுந்து தள்ளி நின்றுகொண்டான். மரியாதை கூடியிருக்கிறது, உண்மை.

ஆட்டுக்கு நேர் எதிர். "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே" என்று தொல்காப்பியம் சொல்லும் இடத்தை நான் எப்போதும் கொஞ்சம் என் இஷ்டத்துக்கு வாசித்துக்கொள்வேன். மக்கள் என்று சுட்டப்படுவது உயர்திணை என்றால், சுட்டுகிற விரல் ஒருத்தருடையது இல்லையா? பசுவைக் கண்டு "என் அம்மை வந்தாள்" என்று சொல்வதைத்தான் திணை வழுவமைதிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். பசுவுக்கு உண்டென்றால் வெள்ளாட்டுக்கு ஏன் இல்லை? உங்கள் கதையில் மற்ற ஆடுகளுக்கெல்லாம் "வந்தது", "மேய்ந்தது" என்றுதான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றை அப்படியே விடுங்கள். சிவப்பு மை காட்டிய ஒற்றுகளை எல்லாம் போடுங்கள். பையன் பேச்சில் "போயிருச்சு"வைத் திரும்ப வைத்துவிடுங்கள். பட்டி திரும்பும் அந்த ஓரிடத்தில் "ஆடு முதலில் வந்தது" என்பதை அடித்துவிட்டு, "லட்சுமி முதலில் வந்தாள்" என்று பழையபடி எழுதி அதே பத்திரிகைக்கு அனுப்புங்கள்.